பெயர் கூப்பிடும் முகப்பிலிருந்து: சிங்கப்பூர்த் தமிழ்ப் பெயர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருந்தகத்தின் பதிவு முகப்பில் 18 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். என்ன வேலை என்று கேட்டால், பெயர் கூப்பிடுவது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது திரையில் எண் வந்துவிடுகிறது. இருந்தாலும் காது மந்தமான பாட்டிகளுக்காக எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சக ஊழியர்களும் அண்டை வீட்டாரும் பிள்ளை பெற்ற உறவுக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டா?

பெரும்பாலோருக்கு இல்லை. நம்மிடம் இருப்பவை இரண்டு: நம் பெயர், அப்பா பெயர். அடுத்த தலைமுறையில் நம் பெயர் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளும். தாத்தா பெயர் கழன்றுவிடும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் அதிபர். தர்மன் சண்முகரத்தினம் என்பதில் சண்முகரத்தினம் அவருடைய அப்பா. நோய்க்கூறியல் மருத்துவத்தில் அவரும் நாடறிந்தவர். யாராவது 'அதிபர் சண்முகரத்தினம்' என்று எழுதினால், 2023 தேர்தலில் மகன் வென்ற பதவியை அப்பாவுக்குக் கொடுத்ததாக ஆகிவிடும். 'அதிபர் தர்மன்' என்பதே சரி. உள்ளூர்ச் செய்திகளும் அப்படித்தான் எழுதுகின்றன.

என் பெயர் கயல்விழி, அப்பா முத்தையா. வங்கியிலிருந்து 'மிஸஸ் முத்தையா' என்று கடிதம் வரும்போதெல்லாம் அதை அம்மாவிடம் கொடுத்துவிடலாமா என்று தோன்றும். நியாயப்படி அது அவருக்குரிய பட்டம்தானே.

வெளிநாட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று கேட்டால் என்ன எழுதுவது?

கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) இருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று படிவம் அடம்பிடித்தால் அப்பா பெயரைப் போடலாம். ஒருமுறை போட்ட முறையை ஒவ்வொரு முறையும் மாற்றாதீர்கள். அதில்தான் சிக்கல் பிறக்கிறது.

என் ஒன்றுவிட்ட தங்கை கணவரோடும் மகனோடும் விடுமுறைக்குப் போனபோது, மூவரின் டிக்கெட்டிலும் மூன்று 'குடும்பப் பெயர்'. கணவருக்கு அவர் அப்பா பெயர், தங்கைக்கு என் சித்தப்பா பெயர், பையனுக்குக் கணவரின் பெயர். முகப்பில் இருந்தவர் மூன்று டிக்கெட்டையும் விரித்து வைத்து, "நீங்கள் ஒரே குடும்பமா?" என்று கேட்டாராம். பையன்தான் பதில் சொன்னானாம்: "ஆமாம், அதனால்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்."

பெயர் நடுவில் வரும் எஸ்-சாய்கோடு-ஓ, டி-சாய்கோடு-ஓ என்பவை பெயரின் பகுதியா?

'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. ஆங்கிலேயர் காலப் பதிவுப் பழக்கம் அடையாள அட்டையிலும் நிலைத்துவிட்டது. மலேசியாவில் இதையே மலாயில் ஏ-சாய்கோடு-எல், ஏ-சாய்கோடு-பி என்று போடுவார்கள்; 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்பவற்றின் சுருக்கம். மலாய்ப் பெயர்களில் 'பின்', 'பிந்தே' செய்வதும் இதே வேலைதான்.

வாய்விட்டுக் கூப்பிடும்போது அதைப் படிக்க வேண்டியதில்லை. புதிதாக வந்த ஊழியர் ஒருவர் ஒரு பெரியவரை முழுப் பெயரோடு 'எஸ் ஸ்லாஷ் ஓ' என்று சேர்த்துக் கூப்பிட்டார். பெரியவர் எழுந்து வந்து, "அதையும் சொல்கிறாய், என் அப்பா இருந்தால் மகிழ்ந்திருப்பார்" என்றார். பல இணையப் படிவங்கள் சாய்கோட்டை ஏற்பதில்லை. அங்கே அதை விட்டுவிடலாம். இப்போது பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சுருக்கம் இல்லாமல் அப்பா பெயரை மட்டும் சேர்த்துப் பதிவு செய்வோர் நிறையப் பேர்.

முன்னெழுத்துகள் எதைக் குறிக்கின்றன?

பெரும்பாலும் அப்பாவை. நம் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் என்பதில் 'எஸ்' அவர் தந்தை சின்னத்தம்பி. 'ரத்தினம்' என்று முடியும் பெயர்கள் யாழ்ப்பாணத் தமிழரிடையே மிகுதி. அவரும் 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தவரே.

முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதன் பெயர்தான் எனக்குப் பிடித்த புதிர். 'எஸ்' அப்பா செல்லப்பன். 'ஆர்' யார்? தாத்தா இல்லை. ராமநாதன் என்ற ஒரே பெயர் இரண்டாக உடைந்து, முன்பாதி முன்னெழுத்தாகச் சுருங்கிவிட்டது. ராமநாதன் என்றால் ராமனுக்கு நாதன், அதாவது ராமேசுவரத்துச் சிவன். பெயரை உடைத்ததும் ராமன் ஓர் எழுத்தாகிவிட்டார், நாதன் நிலைத்துவிட்டார்.

நகரத்தார் குடும்பங்களில் கதை வேறு. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்களில், வட்டித் தொழில் நடந்த காலத்தில், முன்னோர் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்து 'விலாசம்' வைத்திருந்தார்கள். அதுதான் கடையின் பெயர், கணக்குப் புத்தகத்தின் முகவரி, நம்பிக்கைக்கு அடையாளம் எல்லாமே.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது ஏன்?

சொல்லிலேயே விடை இருக்கிறது. பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுதான் பேரன் ஆனது. பெயர்த்தி, பேத்தி ஆனாள். குடும்பப் பெயர் இல்லாத சமூகம் தலைமுறையை இப்படித்தான் கட்டிவைத்தது. சில வீடுகளில் தாத்தா பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டக் கூடாது என்பதற்காகவே பையனுக்கு வேறொரு செல்லப் பெயர் இருக்கும்.

ழகரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? எப்படிச் சொல்லித் தருவது?

இது என் சொந்த வழக்கு என்பதால் கொஞ்சம் நீளும்.

ஆங்கிலத்தில் ழகரம் இல்லை. பழைய பதிவுகளில் அதற்கு 'எல்' எழுத்தைப் போட்டார்கள். பழனியப்பன், அழகப்பன் எல்லோரும் 'எல்' போட்ட பெயர்களோடு கப்பலேறி வந்தவர்கள். தமிழ் என்ற சொல்லே 'எல்' எழுத்தில்தானே முடிகிறது! பிறகு இசட்-எச் என்ற இரண்டெழுத்து வழக்கம் பரவியது. எழில், யாழினி, குழலி, கனிமொழி, கயல்விழி எல்லாம் இப்போது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருகின்றன.

தமிழ்நாட்டில் இது பெரிய தொல்லை இல்லை. சிங்கப்பூரில் ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. சீன மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையிலும் இசட்-எச் இருக்கிறது. அங்கே அது நாக்கை மடித்துச் சொல்லும் ஒருவித 'ஜ'. ஆகவே சீன ஆசிரியர் என் பெயரைப் படித்தால் 'கயல்விஜி'. அவர் மேல் தவறே இல்லை, தமக்குத் தெரிந்த விதிப்படி ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார். பள்ளியில் ஆறு ஆண்டுகள் நான் விஜிதான்.

வேலைக்கு வந்த பிறகுதான் வழி பிடிபட்டது. மாண்டரினில் 'மனிதர்' என்பதற்கு 'ரென்' என்பது போல ஒரு சொல் உண்டு. அதன் முதல் ஒலி நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. நாக்கு மேலே வளையும், எதையும் தொடாது. "அந்தச் சொல்லைத் தொடங்கு, பாதியில் நிறுத்து" என்று சக ஊழியரிடம் சொன்னேன். இரண்டாம் முறையே வந்துவிட்டது. நம் பிள்ளைகள் சிலர் 'தமில்' என்று சொல்லித் திரிகையில், அவர் என்னைக் கயல்விழி என்று சுத்தமாகக் கூப்பிடுகிறார்.

பொருளும் கேட்பார்கள்: கயல் ஒரு மீன், விழி கண். மீனாட்சியும் அதேதான், அங்கயற்கண்ணி என்பது மதுரை மீனாட்சியின் தமிழ்ப் பெயர். மீன் போன்ற கண் என்றதும் சீனத் தோழிகள் சிரிப்பார்கள். சந்தையில் பனிக்கட்டிமேல் கிடக்கும் மீனின் கண்ணை நினைத்துக்கொள்கிறார்கள் போலும்! துள்ளும் கயலின் வடிவத்தை நினைக்க வேண்டும் என்று விளக்குவதற்குள் வரிசை நகர்ந்துவிடும்.

நெடிலும் குறிலும் ஆங்கிலத்தில் தெரியாமல் போகின்றனவே?

போகத்தான் செய்கின்றன. ஒரே ஆங்கில எழுத்துக்கூட்டலில் நிலாவும் வரலாம், நீலாவும் வரலாம். ஒன்று வானத்தில் இருப்பது, மற்றொன்று நிறம். சந்தேகம் வந்தால் கூப்பிடும் முன் கேட்டுவிடுவதே என் வழக்கம்.

தகரத்துக்கு டி-எச் என்று இரண்டு எழுத்து போடுவது தென்னிந்தியப் பழக்கம். லதா, கீதா, தர்மன் எல்லாம் அப்படித்தான். வடக்கே அந்த 'எச்' இருக்காது. புதிதாக வந்த வட இந்திய நண்பர்கள் நம் பெயர்களை அழுத்தி மூச்சுவிட்டு உச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

பாலன் என்றால் குழந்தையா, காப்பவனா?

இரண்டும் உண்டு. வடமொழியில் இவை இரு வேறு சொற்கள், வேறு ஒலிகள். தமிழ் எழுத்தில் ஒரே பகரத்துக்குள் இரண்டும் வந்துவிட்டன. பாலசுப்பிரமணியத்தில் இருப்பவர் குழந்தை முருகன். தனபாலனில் இருப்பவர் குழந்தை இல்லை, தனத்தைக் காப்பவர். ஒரு காலத்தில் நம் வெளியுறவு அமைச்சராக இருந்த தனபாலனின் பெயரில் அந்தப் பகரத்தை ஆங்கிலத்தில் வன்மையான ஒலிக்குரிய எழுத்தால் அல்ல, மென்மையான ஒலிக்குரிய இரண்டாம் ஆங்கில எழுத்தால்தான் எழுதுவார்கள். பெயரின் நடுவில் வரும் பகரம் நம் வாயில் தானாக மென்மையாவதால் வந்த வினை அது. பெயரை முழுதாகப் பார்த்தால்தான் பொருள் தெரியும்.

பாட்டியின் அடையாள அட்டையில் லட்சுமி ஏன் 'லெச்சுமி' என்று இருக்கிறது?

பாட்டி அப்படித்தான் சொல்லியிருப்பார். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். மலாயா, சிங்கப்பூர்ப் பழைய பதிவுகளில் லெச்சுமி, லெச்சுமணன், தனலெச்சுமி எல்லாம் ஏராளம். ஆங்கில எழுத்தில் இந்த வடிவத்தைப் பார்த்தால் 'இவர் குடும்பம் இந்தப் பக்கம் வந்து பல காலம் ஆயிற்று' என்று நான் ஊகித்துவிடுவேன். திருத்த வேண்டிய பிழையாக எனக்கு அது தோன்றுவதில்லை. பேச்சுத் தமிழ் காகிதத்தில் உறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் தொல்லை இல்லாமலும் இல்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த என் தாத்தா குப்புசாமிக்கு மூன்று மகன்கள். மூவரின் பிறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயர் மூன்று விதம். ஒன்றில் 'பி' இரண்டு, ஒன்றில் ஒன்று, மூன்றாவதில் 'கே' போய் 'சி' வந்துவிட்டது. தாத்தா மறைந்தபின், இந்த மூன்று குப்புசாமிகளும் ஒரே ஆள்தான் என்று வழக்கறிஞர் முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது.

குப்புசாமி, பிச்சை போன்ற பெயர்களைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஏன் அப்படி வைத்தார்கள்?

முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் பிறந்த பெயர்கள் இவை. அடுத்த குழந்தை பிறந்ததும் குப்பைமேட்டில் ஒரு கணம் கிடத்தி எடுப்பார்கள், அல்லது அண்டை வீட்டாரிடம் கொடுத்துத் தவிட்டுக்கு வாங்குவதுபோல் திரும்ப வாங்குவார்கள். இது யாருக்கும் வேண்டாத பொருள் என்று எமனை ஏமாற்றும் தந்திரம். குப்பன், குப்பம்மாள், குப்புசாமி அப்படி வந்தவர்கள். பிச்சை என்றால் கடவுளிடம் இரந்து பெற்றது.

என் தாத்தாவுக்கு முன் எத்தனை பிள்ளைகள் போயின என்று யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் நினைவு வைத்திருக்கிறது. சின்ன வயதில் பள்ளித் தோழிகளிடம் தாத்தா பெயர் 'சாமி' என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கிறேன். பாட்டி இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து முழுப் பெயரையும் சொல்கிறேன்.

'போதும்பெண்ணு' போன்ற பெயர்களை மட்டும் என்னால் அப்படி ஏற்க முடியவில்லை. பெண் பிறந்தது போதும் என்ற சலிப்பை அந்தப் பெண் தலையிலேயே வாழ்நாள் முழுக்கச் சுமத்தியது கொடுமைதான்.

பிள்ளை, நாயுடு, முதலியார் எல்லாம் குடும்பப் பெயர்கள்தாமே?

அவை சாதிப் பட்டங்கள். 1819இல் ராஃபிள்சோடு வந்து, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 1827இல் அடித்தளமிட்ட நாராயண பிள்ளையின் பெயரில் பார்க்கலாம். பிள்ளை என்றால் குழந்தை, முதலியார் முதன்மையானவர், நாயுடு தலைவர் என்ற தெலுங்குப் பட்டம். 1920களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம் இந்த ஒட்டை வெட்டச் சொன்னது. இங்கேயும் அந்தக் காற்று வீசியது. 1935இல் தமிழ் முரசு இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி அந்தச் சீர்திருத்த அணியில் முன்னின்றவர். (சாரங்கபாணி என்றால் சாரங்கம் என்ற வில்லைக் கையில் ஏந்திய திருமால். பெயர் ஒரு பக்கம், கொள்கை ஒரு பக்கம். பெயர் வைப்பது நாமா என்ன?)

இன்று சிங்கப்பூரில் பட்டத்தோடு வரும் பெயர் குறைவு. வரும் சிலவற்றில் அது அப்பா பெயரோடு ஒட்டிவந்த வால், அவ்வளவே.

தமிழ் முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்களில் தமிழ்ச் சாயல் உண்டா?

நிறைய. நாகூர் ஆண்டவர் பெயரில் ஷாகுல் ஹமீது; அவர் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் எழுந்ததுதான் நாகூர் தர்கா. முகைதீன், காதர், சாயபு எல்லாம் அரபு, உருது வேர்கள் தமிழ் வாயில் உருண்டு மழமழப்பானவை. ராவுத்தர் குதிரை வீரரோடு சேர்ந்த பட்டம். மரைக்காயர் கடல் வணிகரோடு சேர்ந்தது.

கத்தோலிக்கப் பெயர்கள் இன்னும் சுவை. சவரிமுத்துவில் இருப்பவர் புனித சேவியர். சூசை, போர்ச்சுகீசியர் வழியாக வந்த ஜோசப். சந்தியாகு, சாந்தியாகோ என்ற புனித யாக்கோபு. சிலரை அப்படியே மொழிபெயர்த்தும் விட்டார்கள்: லத்தீனில் பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர். பார்த்தால் கிராமத்துப் பெயர். உள்ளே இருப்பவர் ரோமாபுரிவரை போனவர்.

தூய தமிழ்ப் பெயர் என்றால் என்ன?

1916இல் சுவாமி வேதாசலம் தம் பெயரை மறைமலை என்று மாற்றினார். வேதம் மறை, அசலம் மலை. அவருக்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற்கலைஞர் ஆகியிருந்தார்: பரிதி, மால், கலைஞர் என்று மூன்று துண்டும் பொருந்தும். இளங்கோ, செந்தாமரை, அன்பரசன் என்று பின்னால் வந்த பெயர்களுக்கெல்லாம் இதுவே தொடக்கம். எனக்கு இவை பிடிக்கும். ஆனால் கண்ணனும் முருகனும் இருக்கும்போது தூய்மைக்குச் சண்டை போட மாட்டேன். முருகு என்றால் இளமை, அழகு, மணம்; ஒரே சொல்லில் மூன்று.

பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்க எவ்வளவு நாள் இருக்கிறது? எதைக் கவனிக்க வேண்டும்?

சட்டப்படி 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். 2022 மே 29 முதல் சான்றிதழ் மின்னிலக்க வடிவில் வருகிறது; பதிவும் இணையத்தில்தான். அதாவது எழுத்துக்கூட்டலைத் தட்டுவது இனிக் குமாஸ்தா இல்லை, நீங்கள். பழி போட வேறு ஆள் கிடையாது. அழுத்துவதற்கு முன் தமிழ் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு: 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வா, வீ, வூ. சில நட்சத்திரங்களின் எழுத்தில் தமிழ்ப் பெயரே அமையாது. அப்போது குடும்பமே இணையத்தைத் துழாவி, புரியாத ஒரு பெயரோடு வெளியே வரும். இணையப் பட்டியல்கள் சொல்லும் பொருளைக் கண்ணை மூடி நம்பாதீர்கள். எல்லாப் பெயருக்கும் 'ஒளி', 'இளவரசி', 'வெற்றி' என்று போட்டுவைத்திருக்கிறார்கள். ரித்விக் என்றால் 'அழகன்' என்று ஒரு தாய் சொன்னார். அது வேள்வி செய்யும் புரோகிதர். நல்ல பெயர்தான், அழகுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எண் கணிதப்படி ஓர் எழுத்தைக் கூட்டினால் நல்லதா?

முகப்பில் இருக்கும் எங்களுக்கு நல்லதில்லை.

பெயரை மாற்ற முடியுமா?

முடியும். 21 வயது நிரம்பியவர் வழக்கறிஞர் மூலம் பெயர் மாற்றப் பத்திரம் எழுதி, பிறகு அடையாள அட்டையை மாற்றிக்கொள்ளலாம். வங்கி, வேலையிடம், பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக மாற்றுவதற்குத்தான் பொறுமை வேண்டும். திருமணம் ஆனதும் பெண் பெயரை மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என் அட்டையில் இன்னும் நான் முத்தையாவின் மகள்தான்.

சீனப் பெயரில் எது குடும்பப் பெயர்?

முதலில் வருவது. ஒரே எழுத்தை ஒவ்வொரு கிளைமொழியும் வெவ்வேறாகச் சொல்லும்: மாண்டரினில் 'சென்', ஹொக்கியனில் 'டான்', கேன்டனீசில் 'சான்'. நம் லெச்சுமிக்கு நேர்ந்ததேதான் அவர்களுக்கும். தாத்தா எந்த ஊர்ப் பேச்சில் சொன்னாரோ அது பதிவாகிவிட்டது.

இரண்டே ஆங்கில எழுத்துகள், என்-ஜி, என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. உயிரெழுத்தே இல்லை. 'நிக்', 'எங்' என்று பலவாறு உளறியிருக்கிறேன். போன மாதம் அந்தப் பெயருள்ள ஒரு பாட்டியிடமே கேட்டேன். வாயைத் திறக்காமல் மூக்கால் சொன்னார்: 'ங்'. தனியாக நிற்கவே தெரியாத நம் ஙகர மெய் இங்கே ஒரு முழுப் பெயராக உட்கார்ந்திருக்கிறது! மூன்று முறை சொல்ல வைத்த பிறகுதான் தலையாட்டினார். மருந்தை வாங்கிக்கொண்டு போனவர் திரும்பி வந்து, என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையின் கடைசி எழுத்துகளில் விரலை வைத்து, இதை எப்படிச் சொல்வது என்று கேட்டார்.